பழைய கம்ப்யூட்டரோட சிஸ்டம் டிஸ்க்கை பூட் ஆகுற விர்ச்சுவல் மிஷினா மாத்துறது: முழுமையான வழிகாட்டி

டிஸ்க்கை காப்பி எடுத்தாச்சு, ராத்திரி முழுக்க ஓடி முடிஞ்சாச்சு, விஎம்ல (விர்ச்சுவல் மிஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) மாட்டி ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு கோடு மட்டும் மினுக்கிட்டே நிக்கும். முதல் தடவை பண்றவங்க பெரும்பாலும் இங்கதான் மாட்டிக்கிறாங்க, உடனே காப்பி சரியில்லன்னு நெனச்சு மறுபடியும் முதல்லேர்ந்து காப்பி எடுக்க ஆரம்பிச்சிடுறாங்க. காப்பில தப்பு இருக்கறது ரொம்ப அபூர்வம். பழைய மிஷின் ஓடிட்டிருந்தப்பவே செஞ்சிருக்க வேண்டிய வேலைய செய்யாம விட்டதுதான் முக்காவாசி காரணம். அதனால கீழ இருக்கற வரிசைய மாத்தாதீங்க, முக்கியமா 1, 3 ரெண்டையும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளாதீங்க.

1. காப்பிக்கு முன்னாடி, பழைய மிஷின்கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்க வேண்டியவை

பேப்பர்ல எழுதுங்க, அந்த மிஷின்லயே நோட்பேட்ல எழுதி சேவ் பண்ணி வெச்சுட்டு அப்புறம் அது பூட் ஆகாம முழிக்கறவங்களை பாத்திருக்கேன்.

முதல் விஷயம் பூட் மோட். ரன் பாக்ஸ்ல எம்எஸ்இன்ஃபோ32ன்னு அடிச்சா பயாஸ் மோட்னு ஒரு வரி வரும், அதுல லெகசின்னு இருக்கா யூஇஎஃப்ஐன்னு இருக்கான்னு பாருங்க. இந்த ஒரு வரிதான் விஎம்ல எந்த ஃபர்ம்வேர் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடி விண்டோஸைக் கிளப்பற சாஃப்ட்வேர்; பழசு லெகசி பயாஸ், புதுசு யூஇஎஃப்ஐ) வைக்கணும்னு முடிவு பண்ணும். யூஇஎஃப்ஐல இன்ஸ்டால் பண்ண விண்டோஸை லெகசி விஎம்ல போட்டா அதுக்கு பூட் ஃபைல் எங்க இருக்குன்னே தெரியாது, ஏன்னா லெகசி பயாஸ் டிஸ்க்கோட முதல் செக்டார்ல இருக்கற கோடை ஓட்டும், யூஇஎஃப்ஐ அதைக் கண்டுக்காம ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷனுக்குள்ள ஃபைலைத் தேடும்.

ரெண்டாவது, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல எத்தனை பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்ச பகுதி) இருக்கு, ஒவ்வொண்ணும் எவ்வளவு சைஸ்னு பாருங்க. சி டிரைவுக்கு முன்னாடி 100 எம்பி அளவுல லெட்டர் இல்லாம ஒண்ணு உக்காந்திருக்கும், அதுதான் பூட் பார்ட்டிஷன். புதுசா வர்றவங்க சி டிரைவை மட்டும் காப்பி பண்ணிட்டு இதை விட்டுடுறாங்க.

மூணாவது, ஸ்டோரேஜ் கன்ட்ரோலர், அதாவது டிஸ்க்கை மிஷினோட இணைக்கற பகுதி. டிவைஸ் மேனேஜர்ல சாட்டா ஏஹெச்சிஐன்னு இருக்கா, ரெய்டுன்னு இருக்கா, என்விஎம்இன்னு இருக்கான்னு குறிச்சுக்கோங்க. ரெய்டு மோட்ல ஓடுன விண்டோஸ்தான் விஎம்ல போய் நீல ஸ்கிரீன் காட்டறதுல முதல் ஆளு.

நாலாவது, பிட்லாக்கர், விண்டோஸோட டிஸ்க் என்கிரிப்ஷன். ஆன்ல இருந்தா 48 இலக்க ரிக்கவரி கீ கைல இருக்கணும். டிஸ்க்கைத் தினமும் தானா திறக்கற கீ பழைய மதர்போர்டுல இருக்கற டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப்போட பூட்டியிருக்கும், விஎம்ல அந்த சிப் கிடையாது, நேரா ரிக்கவரி கீ கேட்டு நின்னுடும்.

அப்புறம் லைசென்ஸ். மிஷினோடயே வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்த ஹார்டுவேருக்குன்னு கட்டுப்பட்டது, விஎம்ல ஆக்டிவேஷன் போயிடும். உங்க லைசென்ஸ் எந்த வகைன்னு இப்பவே பாத்துக்கோங்க. உள்ள இருக்கற சாஃப்ட்வேர்ல எதாவது யூஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸ் இருக்கற குட்டி யூஎஸ்பி) கேக்குதா, மதர்போர்டு நம்பரைப் பாத்து லாக் ஆகியிருக்கான்னும் பாருங்க. அப்படி ஒண்ணு இருந்து, அந்த ஒரு சாஃப்ட்வேருக்காகத்தான் இவ்வளவு பாடும்னா, அந்த கம்பெனிகிட்ட முதல்ல பேசிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

2. இடமும் டூலும்

காப்பி போய் விழற டிஸ்க் பழைய டிஸ்க்கோட மொத்த அளவுக்கு சமமா இருந்தா நிம்மதி. நிரம்பியிருக்கற அளவு மட்டும் போதும்னு சொல்ற டூல் இருக்கு, ஆனா ஃபார்மட் மாத்தறப்ப ரெண்டாவது காப்பி ஒண்ணு உருவாகும், அதுக்கும் இடம் வேணும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32ல இருந்தா என்டிஎஃப்எஸ் இல்ல எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திடுங்க, ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. காப்பி சில நிமிஷத்துலயே "இடம் இல்ல"ன்னு நின்னா, டிஸ்க் காலியா இருக்கேன்னு குழம்பாதீங்க, இதான் காரணம்.

யூஎஸ்பி 2.0 போர்ட்ல சொருகாதீங்க. அதுல நிஜமா கிடைக்கறது செகண்டுக்கு 30-35 எம்பிதான், 500 ஜிபின்னா கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகும், அதுவே யூஎஸ்பி 3ல 100 எம்பி வேகம் வந்தாக்கூட ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும்.

விஎம் ஓடப்போற புது மிஷின்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் டேப்ல விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டுன்னு இருக்கான்னு பாத்துடுங்க. இல்லன்னா பயாஸ் செட்டிங்ல போய் ஆன் பண்ணணும்.

3. பழைய விண்டோஸ் உயிரோட இருக்கும்போதே செய்ய வேண்டியது

இந்த பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கணும். இங்க ஒரு மணி நேரம் செலவு பண்ணா பின்னாடி ஒரு நாள் மிச்சம்.

முதல்ல உங்க முக்கியமான ஃபைல்களை தனியா வேற டிஸ்க்ல பேக்கப் எடுங்க. விஎம் காப்பியே பேக்கப்தானேன்னு கேப்பாங்க, பூட் ஆகி உள்ள போய் பாக்கற வரைக்கும் அது பேக்கப் இல்ல.

அடுத்து பாஸ்வேர்டு. தினமும் பின் போட்டு லாகின் பண்றவங்களுக்கு நிஜ பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். அந்த பின்னும் அந்த மிஷினோட டிபிஎம்ல கட்டுண்டது, விஎம்ல வேலை செய்யாது. அதனால அட்மின் உரிமையோட ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி, சாதா பாஸ்வேர்டு கொடுத்து, ஒரு தடவை லாகின் பண்ணிப் பாத்துட்டு வாங்க. எல்லாம் சரியா பூட் ஆகி லாகின் ஸ்கிரீன்ல வெளிய நிக்கறது மாதிரி ஒரு எரிச்சல் வேற எதுவும் கிடையாது.

பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்றதோட விடாம முழுசா டர்ன் ஆஃப் பண்ணி, டிக்ரிப்ட் முடியற வரைக்கும் காத்திருங்க. சஸ்பெண்ட்ல டேட்டா என்கிரிப்ட் ஆனபடியேதான் இருக்கும், கீ மட்டும் திறந்து கிடக்கும். வெளியேர்ந்து செக்டார் செக்டாரா காப்பி எடுத்தா அந்த என்கிரிப்ட் ஆன குப்பைதான் வரும், கம்ப்ரெஸும் ஆகாது.

ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணுங்க, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி கமாண்டுக்கு ஹைபர்னேட் ஆஃப்னு சொன்னா போதும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போயிடும். ஏன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடாது, கெர்னலை (விண்டோஸோட மையப் பகுதி) அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கும், அந்த நிலைல காப்பி எடுத்தா பாதி திறந்த வீட்டை படம் புடிச்ச மாதிரி. கூடவே ரேம் அளவுக்கு ஏத்த பெரிய ஹைபர்னேஷன் ஃபைலும் அழிஞ்சு இடம் மிச்சமாகும்.

மிஷின் கம்பெனி கூடவே கொடுத்த ஃபேன் கன்ட்ரோல், ரெய்டு மேனேஜர், பேட்டரி டூல், கிராஃபிக்ஸ் கார்டு சாஃப்ட்வேர் எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணுங்க. விஎம்ல இல்லாத ஹார்டுவேரைத் தேடி இதுல சிலது நீல ஸ்கிரீன் வரவைக்கும். பழைய மிஷின் இதுக்கப்புறமும் ஓடணும்னா காப்பி எடுத்தப்புறம் திரும்பப் போட்டுக்கோங்க.

செக்டிஸ்க் ஒரு தடவை ஓட்டி ஃபைல் சிஸ்டம் சரியா இருக்கான்னு பாத்துடுங்க.

கடைசியா ஒரு தந்திரம், ரெய்டு மோட்ல இருக்கற மிஷினுக்கு ரொம்ப உதவும்: காப்பிக்கு முன்னாடி எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் டேப்ல சேஃப் பூட் டிக் பண்ணிடுங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. விண்டோஸ் சேஃப் மோட்ல வர்றப்ப முடக்கி வெச்சிருக்கற ஸ்டோரேஜ் டிரைவர்களையும் எழுப்பிப் பாக்கும், அதனால விஎம்ல முதல் பூட் சேஃப் மோட்ல போச்சுன்னா அது புது கன்ட்ரோலரைத் தானே புடிச்சுக்கும். அப்புறம் டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா சாதாரணமா வரும். பழைய மிஷின்லயும் காப்பி முடிஞ்ச கையோட அந்த டிக்கை எடுக்க மறக்காதீங்க.

4. காப்பி எடுக்கறது

ரெண்டு வழி இருக்கு. விண்டோஸ் ஓடிட்டிருக்கும்போதே எடுக்கறது, இல்ல மிஷினை நிறுத்திட்டு வேற யூஎஸ்பில பூட் பண்ணி வெளியேர்ந்து எடுக்கறது.

ஓடும்போது எடுக்க மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸோட டிஸ்க்2விஹெச்டி போதும், இலவசம், இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம். திறந்தா வால்யூம் லிஸ்ட் வரும், சி டிரைவோட சேர்த்து லெட்டர் இல்லாம நீளமா ஒரு நம்பரோட நிக்கற சின்ன வால்யூம்களையும் டிக் பண்ணுங்க, பூட் ஃபைல் அங்கதான் இருக்கு. விஹெச்டிஎக்ஸ் (விஎம்மோட டிஸ்க் ஃபைல் வகை), வால்யூம் ஷேடோ காப்பி ரெண்டு டிக்கும் இருக்கட்டும். ஷேடோ காப்பி ஒரு நொடில இருந்த நிலைய உறைய வெச்சுக் கொடுக்கறதாலதான் திறந்து கிடக்கற ஃபைலும் சரியா வருது. ஆனாலும் டேட்டாபேஸ், மெயில் சர்வர் மாதிரி எதாவது ஓடினா அந்த சர்வீஸை நிறுத்திட்டு எடுங்க. ஃபைலை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போடுங்க, அதே சி டிரைவுல போட்டா ஒரே டிஸ்க்ல படிக்கறதும் எழுதறதும் நடந்து ஊர்ந்துட்டே இருக்கும்.

முடிஞ்சதும் அந்த விஹெச்டிஎக்ஸ் ஃபைலை அதே மிஷின்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்து பாக்காதீங்க! ஆர்வத்துல பலபேர் பண்ற தப்பு இது. காப்பில இருக்கற டிஸ்க் அடையாள நம்பர் நிஜ டிஸ்க்கோடதே, ஒரே நம்பர்ல ரெண்டு டிஸ்க் இருந்தா விண்டோஸ் காப்பிக்குப் புது நம்பர் கொடுத்துடலாம், பூட் கான்ஃபிகரேஷன் பழைய நம்பரைத் தேடிட்டு நிக்கும், விஎம் பூட் ஆகாது.

வெளியேர்ந்து எடுக்கணும்னா எதாவது லினக்ஸ் லைவ் யூஎஸ்பில பூட் பண்ணுங்க. எல்எஸ்பிஎல்கே கமாண்ட் ஓட்டி சைஸையும் மாடலையும் பாத்து எது பழைய டிஸ்க், எது எக்ஸ்டர்னல்னு உறுதி பண்ணிக்கோங்க. டிடி கமாண்ட்ல சோர்ஸும் டார்கெட்டும் இடம் மாறினா பழைய டிஸ்க் மேல எழுதிடும், அது எந்த கேள்வியும் கேக்காது. பார்ட்டிஷனை இல்ல, முழு டிஸ்க்கையும் எடுக்கணும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், பார்ட்டிஷன் டேபிள் டிஸ்க்கோட ஆரம்பத்துல இருக்கு, ஜிபிடில ஒரு நகல் கடைசிலயும் இருக்கு.

டிஸ்க் ஏற்கனவே கிர்ருன்னு சத்தம் போடுது, ரீட் எரர் வருதுன்னா டிடி வேண்டாம், டிடிரெஸ்க்யூ எடுங்க. அது மேப் ஃபைல் வெச்சுக்கிட்டு நல்ல பகுதிய முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்தை கடைசில முயற்சி பண்ணும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். சாகப்போற டிஸ்க்ல 3வது பகுதில சொன்ன வேலை எதையும் செய்யாதீங்க, முக்கியமா செக்டிஸ்க். முதல்ல டேட்டா, மத்ததை காப்பில பாத்துக்கலாம்.

பழைய டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டு எடுக்கறவங்களுக்கு: சில கேஸ் 512 பைட் செக்டாரை 4096ஆ காட்டும், அப்போ பார்ட்டிஷனே தெரியாது. டிஸ்க் போச்சேன்னு பயப்படாம நேரா சாட்டா கேபிள்ல சொருகிப் பாருங்க.

5. ஃபார்மட் மாத்துறது

விஎம் ஓட்டற சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிஸ்க் ஃபைல் வகை: ஹைப்பர்-விக்கு விஹெச்டிஎக்ஸ், விர்ச்சுவல்பாக்ஸுக்கு விடிஐ, விஎம்வேருக்கு விஎம்டிகே, கேவிஎம்முக்கு கியூகவ்2. எல்லாத்துக்கும் நடுவுல மாத்தித் தர்றது கியூஇஎம்யு-ஐஎம்ஜி கன்வெர்ட், சும்மா பூஜ்ஜியமா இருக்கற இடத்தை விட்டுட்டு எழுதறதால ஃபைலும் சின்னதாகும்.

ஹைப்பர்-வில ஒரு கண்ணி இருக்கு. விஹெச்டிஎக்ஸ் ஸ்பார்ஸ் ஃபைலா (காலி இடத்தை டிஸ்க்ல எழுதாம விட்ட ஃபைல்) இருந்தாலோ கம்ப்ரெஸ்ட் ஃபோல்டர்ல கிடந்தாலோ ஏத்துக்காது, எரர் போட்டு நிக்கும். கம்ப்ரெஸ் ஆகாத சாதா ஃபோல்டர்ல புதுசா ஒரு காப்பி போட்டு அதைக் கொடுங்க.

இந்த கட்டத்துல ஒரு காப்பிய தொடாம தனியா எடுத்து வைங்க. ஒவ்வொரு பூட் முயற்சியும் டிஸ்க்ல எதையாவது எழுதும், ரிப்பேர் பண்ணப் போய் இன்னும் கெடுத்துட்டா திரும்பி வர ஒரு இடம் வேணும்.

6. விஎம்மை உருவாக்கறது

இப்ப அந்த பேப்பரை எடுங்க. லெகசின்னு எழுதியிருந்தா ஹைப்பர்-வில ஜெனரேஷன் 1, யூஇஎஃப்ஐன்னா ஜெனரேஷன் 2. இதை உருவாக்கினப்புறம் மாத்த முடியாது, தப்பா போட்டா விஎம்மை அழிச்சுட்டு புதுசா போடணும், டிஸ்க் ஃபைல் அப்படியே இருக்கும், பயம் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ்ல சிஸ்டம் செட்டிங்ல எனேபிள் இஎஃப்ஐன்னு ஒரு டிக் இருக்கு, அதான்.

புது டிஸ்க் உருவாக்கவான்னு கேக்கும், இருக்கறதை பயன்படுத்துன்னு சொல்லி உங்க ஃபைலைக் காட்டுங்க. ஹைப்பர்-வி தவிர மத்ததுல கன்ட்ரோலர் சாட்டா ஏஹெச்சிஐ வைங்க, விண்டோஸ் விஸ்டாலேர்ந்து அதுக்கு டிரைவர் உள்ளயே இருக்கு. எக்ஸ்பின்னா ஐடிஇ. கேவிஎம்ல வேகம் வேணும்னு எடுத்த உடனே விர்ட்ஐஓ (விஎம்முக்குன்னே இருக்கற வேகமான கன்ட்ரோலர்) வைக்காதீங்க, விண்டோஸ்ல அந்த டிரைவரே கிடையாது. சாட்டால பூட் பண்ணி, ஒரு குட்டி வெத்து டிஸ்க்கை விர்ட்ஐஓல மாட்டி, டிரைவர் ஐஎஸ்ஓலேர்ந்து இன்ஸ்டால் பண்ணி, நிறுத்தி, அப்புறம் பூட் டிஸ்க்கை மாத்துங்க.

ரேம் 4 ஜிபி, ப்ராசஸர் 2. ஆரம்பத்துக்கு இது போதும். செக்யூர் பூட்டை இப்போதைக்கு ஆஃப்ல வைங்க, பிரச்சனைக்கு ஒரு காரணம் குறையும்.

7. முதல் பூட், நெட்வொர்க் கேபிள் இல்லாம

விஎம்மோட நெட்வொர்க் கார்டை டிஸ்கனெக்ட் பண்ணிட்டுதான் முதல் தடவை ஆன் பண்ணணும். உள்ள இருக்கறது அதே பேர், அதே ஐபி, அதே ஷெட்யூல்ல ஓடற பேக்கப் ஸ்கிரிப்ட், அதே சிங்க் சாஃப்ட்வேர். பழைய மிஷினும் ஓடிட்டு இதுவும் நெட்டுக்கு வந்தா ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சு ஒரே ஃபோல்டருக்குள்ள எழுத ஆரம்பிக்கும். டொமைன்ல (ஆபீஸ் நெட்வொர்க்கோட மைய லாகின்) சேர்ந்த மிஷினா இருந்தா இன்னும் மோசம், மிஷின் அக்கவுன்ட்டோட பாஸ்வேர்டு 30 நாளுக்கு ஒரு தடவை தானா மாறும், ஒண்ணு மாத்திடுச்சுன்னா இன்னொண்ணை டொமைன் நம்பாது.

பூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க, கெட்டுப்போனா இந்த நிலைக்கே திரும்பலாம். முதல் பூட் புது ஹார்டுவேரைக் கண்டுபிடிக்கறதால ரொம்ப நேரம் எடுக்கும், தானா ரீஸ்டார்ட்டும் ஆகலாம், அவசரப்பட்டு ஆஃப் பண்ணாதீங்க.

8. பூட் ஆகலைன்னா

என்ன சொல்லி நிக்குதுன்னு பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற காரணம். எல்லாத்துக்கும் ஒரே ரிப்பேர் கமாண்டை ஓட்டறதுல அர்த்தமில்ல.

பூட்டபிள் டிவைஸ் இல்லன்னா, இல்ல வெறும் கோடு மினுக்கினா, ஃபர்ம்வேர் மோட் பொருந்தல. 6க்குத் திரும்பிப் போங்க. மோட் சரியா இருந்தும் இப்படின்னா பூட் பார்ட்டிஷன் காப்பில வரலன்னு அர்த்தம்.

கறுப்பு இல்ல நீல ஸ்கிரீன்ல 0xசி000000இ, 0xசி0000225 மாதிரி நம்பர் வந்தா ஃபர்ம்வேர் வேலைய முடிச்சுடுச்சு, பூட் கான்ஃபிகரேஷன்தான் தப்பான டிஸ்க்கைத் தேடுது. அதே வெர்ஷன் விண்டோஸ் ஐஎஸ்ஓவை விஎம்ல மாட்டி பூட் பண்ணி, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினா கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். யூஇஎஃப்ஐ மிஷின்னா டிஸ்க்பார்ட்ல அந்த 100 எம்பி ஃபேட்32 வால்யூமுக்கு ஒரு லெட்டர் கொடுத்து, பிசிடிபூட் கமாண்ட்ல விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த லெட்டரையும் யூஇஎஃப்ஐ வகைன்னும் சொன்னா பூட் ஃபைல் எல்லாத்தையும் புதுசா எழுதிடும். இங்க கவனிக்கணும், ரிப்பேர் சூழல்ல விண்டோஸ் இருக்கற டிரைவ் "சி"ன்னுதான் வரும்னு இல்ல, "டி"யாவோ "இ"யாவோ இருக்கலாம், ஃபோல்டர் லிஸ்ட்டைப் பாத்துட்டு அடிங்க.

நீல ஸ்கிரீன்ல இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ், பழைய விண்டோஸ்னா 0x7பி வந்தா டிஸ்க் கன்ட்ரோலருக்கு டிரைவர் எழுந்திரிக்கல. ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட செட்டிங் எல்லாம் இருக்கற இடம்) கை வைக்கறதுக்கு முன்னாடி விஎம் செட்டிங்ல கன்ட்ரோலரை மாத்திப் பாருங்க, சாட்டாலேர்ந்து ஐடிஇ, இல்ல பழைய மிஷின் என்விஎம்இன்னா என்விஎம்இ. அதுலயும் வரலன்னா ஐஎஸ்ஓ வழியா போய் ரெஜிஸ்ட்ரில சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரியோட ஒரு ஃபைல்) லோட் பண்ணி, சர்வீசஸ்ல சாட்டா டிரைவரான ஸ்டோர்ஏஹெச்சிஐயோட ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கி, அதுக்கு அடியில ஸ்டார்ட்ஓவர்ரைடுன்னு ஒரு கீ இருந்தா அழிச்சுடுங்க. விண்டோஸ் 8லேர்ந்து பலபேர் ஸ்டார்ட்டை மட்டும் மாத்திட்டு வேலை செய்யலன்னு சொல்றதுக்கு அந்த கீதான் காரணம்.

லோகோ வந்து சுத்தி சுத்தி ரீஸ்டார்ட் ஆனா 3ல அன்இன்ஸ்டால் பண்ண மறந்த எதோ ஒரு டிரைவர். சேஃப் மோட்ல போய் அதைத் தூக்குங்க.

9. டிஸ்க்ல லினக்ஸ் இருந்தா

காப்பி எடுக்கற வழி அதேதான், ஸ்டோரேஜ் டிரைவர் பெரும்பாலும் கெர்னல் கூடவே வர்றதால வேலை குறைவு. நாலு இடத்துல மட்டும் தடுக்கும்.

எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு சொல்ற ஃபைல்) டிஸ்க் பேரை எஸ்டிஏ, என்விஎம்இன்னு நேரா எழுதியிருந்தா விஎம்ல பேர் மாறிடும், பழைய மிஷின்லயே யூயூஐடிக்கு (பார்ட்டிஷனோட மாறாத அடையாள நம்பர்) மாத்திடுங்க. ஃபெடோரா, ரெட்ஹேட் குடும்பத்துல இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆரம்பத்துல டிரைவர்களை ஏத்தற ஃபைல்) அந்த மிஷினுக்குத் தேவையான டிரைவரை மட்டும் வெச்சுக் கட்டியிருக்கும், அதைக் கட்டற டிராகட் கமாண்ட்ல ஹோஸ்ட்ஒன்லி இல்லாம மறுபடி கட்டிட்டு காப்பி எடுங்க, இல்லன்னா ரூட் டிஸ்க் தெரியாம எமர்ஜென்சி ஷெல்லுல நிக்கும். உபுன்டு, டெபியன்ல வழக்கமா எல்லா டிரைவரும் இருக்கும்.

யூஇஎஃப்ஐ லினக்ஸ் விஎம்ல ஷெல் ஸ்கிரீன் வந்து நின்னா, பூட் என்ட்ரி பழைய மதர்போர்டோட மெமரில தங்கிடுச்சு, டிஸ்க்ல வரல. ஃபர்ம்வேர் மெனுல பூட் ஃப்ரம் ஃபைல் போய் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள இருக்கற ஷிம் இல்ல கிரப் ஃபைலை (லினக்ஸைக் கிளப்பற பூட் ஃபைல்) காட்டி ஒரு தடவை பூட் பண்ணிட்டு, உள்ள போய் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. நெட்வொர்க் கார்டோட பேரும் மாறியிருக்கும், கான்ஃபிக் ஃபைல்ல பழைய பேர் இருந்தா ஐபி வராது.

10. உள்ள போனப்புறம்

சேஃப் பூட் டிக்கை எடுங்க, கெஸ்ட் அடிஷன்ஸ் இல்ல விஎம்வேர் டூல்ஸ் போடுங்க, ரீஸ்டார்ட்.

டிவைஸ் மேனேஜர்ல ஹிட்டன் டிவைசஸ் காட்டச் சொன்னா பழைய ஹார்டுவேர் எல்லாம் மங்கலா பேய் மாதிரி வரிசையா நிக்கும். பழைய நெட்வொர்க் கார்டை முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணுங்க, ஸ்டாட்டிக் ஐபி போடறப்ப "இந்த அட்ரஸ் வேற கார்டுல இருக்கு"ன்னு வர்ற எரர் இந்த பேயாலதான்.

அப்புறம் நீங்க இவ்வளவும் எதுக்காக பண்ணீங்களோ அந்த சாஃப்ட்வேரைத் திறந்து, ஒரு பழைய ஃபைலைத் திறந்து, ஒரு பிரின்ட் கொடுத்து, சேவ் பண்ணி, மூடித் திறந்து பாருங்க. டெஸ்க்டாப் வந்துடுச்சுன்னதும் பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணவங்க, லைசென்ஸ் சர்வீஸ் கிளம்பலன்னு அடுத்த வாரம் வந்து கேப்பாங்க.

சரியா இருந்தா பழைய மிஷினை நெட்வொர்க்லேர்ந்து கழட்டிட்டு, அதுக்கப்புறம் விஎம்மை நெட்ல இணைங்க. பழைய டிஸ்க்ல லேபிள் ஒட்டி, மாத்தின தேதி எழுதி, குறைஞ்சது ஒரு மாசக்கடைசி வேலையாவது விஎம்ல ஓடி முடியற வரைக்கும் அலமாரிலயே இருக்கட்டும்.